நிலவில் மனிதக் கரங்கள்

நுழையும்முன்

நிலவைப் பாடியும் நிலவைக் கொண்டு காலத்தைக் கணித்தும் வாழ்ந்த மனித இனம், 1969ஆம் ஆண்டில் அங்குக் கால் பதித்தது. 1972ஆம் ஆண்டு முடிவதற்குள் பன்னிருவர் அம்மண்ணில் நடந்து திரும்பினர். அவர்களைச் சுமந்து சென்ற கலங்கள் எவ்வாறு அமைந்தன? அங்கு அவர்கள் ஆற்றிய பணிகள் யாவை? கருவிகளே சென்றுவரக்கூடிய இடத்திற்கு மனிதரை அனுப்ப வேண்டிய தேவை என்ன? இவ்வினாக்களை ஆராயும் இப்பாடம், தமிழகத்துப் பாறைக்கும் நிலவின் பாறைக்கும் உள்ள உறவையும் எடுத்துரைக்கிறது.

மலையடிவாரமும் வானும்

விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் கூமாப்பட்டி. வயல்களும் தோப்புகளும் சூழ்ந்த இவ்வூரில் முழுநிலா, மாலையில் கிழக்குச் சமவெளியில் எழுந்து விடியலில் மேற்கு மலைமுகடுகளுக்குப் பின் மறையும். ஆண்டாள் பிறந்த திருவில்லிபுத்தூர் இங்கிருந்து தொலைவில் இல்லை. அவர் அருளிய திருப்பாவை மார்கழித் திங்களின் முழுநிலா நாளைக் குறித்தே தொடங்குகிறது. நிலவைக் கொண்டு நாளையும் நோன்பையும் வகுத்துக்கொண்ட மரபு இப்பகுதி மக்களுடையது.

இதே மலைத்தொடர் தெற்கே நீளும் வழியில், திருநெல்வேலி மாவட்டத்தில் மகேந்திரகிரி உள்ளது. அங்குள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில்தான் இந்திய ஏவூர்திகளின் திரவ எரிபொருள் இயந்திரங்களும் கிரையோஜெனிக் இயந்திரங்களும் இயக்கிச் சோதிக்கப்படுகின்றன. இந்தியர் மூவரை விண்வெளிக்கு ஏற்றிச் செல்ல வகுக்கப்பட்டுள்ள ககன்யான் திட்டத்தின் இயந்திரங்களும் அங்கேயே சோதனைக்கு உள்ளாகின்றன. நிலவுக்கு மனிதர் செல்வது பற்றிய செய்தி தமிழக மாணவர்க்கு எங்கோ நடந்த பழங்கதையாக இனியும் இருக்க இயலாது. நாளை இந்தியா எடுக்கவிருக்கும் முடிவுகளைப் புரிந்துகொள்ள, நேற்று பிறர் செய்ததை நுணுகி அறிதல் வேண்டும்.

சுமையைக் குறைத்த சிந்தனை

பூமிக்கும் நிலவுக்கும் இடைப்பட்ட தொலைவு சராசரியாக 3,84,000 கிலோமீட்டர். மனிதரை அங்கு இறக்கித் திரும்ப அழைத்துவர அமெரிக்காவின் நாசா நிறுவனம் அப்பல்லோ திட்டத்தை வகுத்தபோது, அறிஞரிடையே ஒரு பெருவிவாதம் எழுந்தது. ஒரே பெருங்கலம் நேரே நிலவில் இறங்கி, அங்கிருந்து நேரே பூமிக்குத் திரும்பலாம் என்பது ஒரு கருத்து. அவ்வாறாயின், திரும்புவதற்கான எரிபொருள், வெப்பத்தைத் தாங்கும் கவசம், வான்குடைகள் ஆகிய அனைத்தையும் நிலவின் தரைவரை இறக்கி மீண்டும் மேலே தூக்க வேண்டும். அதற்குத் தேவைப்படும் ஏவூர்தி மிகப் பெரிதாக இருந்திருக்கும்.

ஜான் ஹூபோல்ட் என்னும் பொறியாளர் வேறொரு வழியை விடாது வலியுறுத்தினார். பெருங்கலம் நிலவைச் சுற்றியபடி மேலேயே இருக்கட்டும். சிறுகலம் ஒன்று மட்டும் பிரிந்து இறங்கி, பணி முடிந்ததும் மேலேறிப் பெருங்கலத்தோடு இணையட்டும் என்றார். சதுரகிரி மலையேறும் அடியார்கள் தங்கள் வண்டிகளையும் பெருஞ்சுமைகளையும் தாணிப்பாறை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு, மலைமேல் தேவைப்படுவதை மட்டும் எடுத்துச் செல்வர். ஊர் திரும்பத் தேவையானவற்றை மலையுச்சிவரை சுமப்பார் எவருமில்லை. ஹூபோல்ட்டின் கருத்தும் அத்தகையதே. 1962ஆம் ஆண்டில் நாசா இவ்வழியையே ஏற்றது.

இம்முடிவின் விளைவாக மூன்று பகுதிகள் கொண்ட விண்கலம் உருவாயிற்று. முதலாவது, வீரர் மூவரும் அமர்ந்து செல்லும் கூம்பு வடிவக் கட்டளைக்கலம். பூமிக்குத் திரும்பிவரும் பகுதி இது ஒன்றே. இரண்டாவது, ஆக்சிஜன், நீர், மின்னாற்றல், முதன்மை இயந்திரம் ஆகியவற்றைக் கொண்ட பணிக்கலம். மூன்றாவது, நிலவில் இறங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட நான்கு கால்களை உடைய நிலாக்கலம். நிலவில் காற்று இல்லாமையால் நிலாக்கலத்திற்குக் கூர்முனையோ இறக்கைகளோ வேண்டியதில்லை. அதே காரணத்தால், வான்குடை விரித்து அங்கு இறங்கவும் இயலாது. இயந்திரத்தின் எதிருந்துவிசை ஒன்றே வேகத்தைத் தணிக்கும். நிலாக்கலத்தின் கீழ்ப்பகுதி நிலவிலேயே தங்கிவிடும். மேற்பகுதி மட்டும் தனக்கென அமைந்த சிறிய இயந்திரத்தால் மேலெழும். மாற்று இயந்திரம் எதுவும் இல்லாமையால், அச்சிறிய இயந்திரம் பழுதாவதற்கு வாய்ப்புள்ள உறுப்புகள் மிகக் குறைவாக இருக்குமாறு எளிமையாக அமைக்கப்பட்டது.

இவற்றைச் சுமந்து சென்ற சாட்டர்ன்–5 ஏவூர்தி மூன்று அடுக்குகளும் 110 மீட்டர் உயரமும் உடையது. திருவில்லிபுத்தூர்க் கோவிலின் 11 நிலை இராசகோபுரத்தைவிடவும் உயர்ந்து நின்ற அவ்வூர்தியில், பூமிக்கு மீண்டது சில மீட்டர் உயரமே உள்ள கட்டளைக்கலம் மட்டுமே.

விண்மீன்களே வழிகாட்டிகள்

நிலவுக்குச் செல்லும் பயணம் ஏறத்தாழ மூன்று நாள் நீடித்தது. கலத்தின் இருப்பிடத்தைப் பூமியிலிருந்த நிலையங்கள் வானொலி அலைகளால் கணித்தன. எனினும், தொடர்பு அறுந்தால் வீரரே வழி கண்டறிய வேண்டும் என்பதற்காக, பழங்காலக் கடலோடிகள் பின்பற்றிய முறையும் கலத்தில் இடம்பெற்றது. கோணமானி பொருத்திய தொலைநோக்கி வழியே விண்மீன்களை நோக்கி, அவற்றின் கோணங்களை அளந்து, கணினிக்கு அளிப்பது வீரரின் அன்றாடப் பணிகளுள் ஒன்று.

இதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட விண்மீன்கள் 37. தமிழகத்து உழவரும் பஞ்சாங்கம் கணிப்போரும் நெடுங்காலமாக அறிந்த விண்மீன்கள் பல அப்பட்டியலில் உள்ளன. ரோகிணி எனப்படும் ஆல்டிபரான், மகம் எனப்படும் ரெகுலஸ், சித்திரை எனப்படும் ஸ்பைகா, சுவாதி எனப்படும் ஆர்க்டரஸ், கேட்டை எனப்படும் அன்டாரஸ், திருவோணம் எனப்படும் ஆல்டேர் ஆகியன அவற்றுட் சில. விதைக்கும் நாளைக் குறித்துத் தந்த விண்மீன்களே நிலவுக்குச் செல்லும் வழியையும் குறித்துத் தந்தன.

நெய்த நினைவகமும் தைத்த உடையும்

அப்பல்லோ கலங்களில் இருந்த வழிகாட்டுக் கணினியின் எடை ஏறத்தாழ 32 கிலோகிராம். அதன் நிலையான நினைவகம் 36,864 சொற்களை மட்டுமே கொள்ளும்; இன்றைய கைப்பேசியோடு ஒப்பிட இயலாத சிறுமை அது. அந்நினைவகம் உருவாக்கப்பட்ட முறை, நூற்பாலைகள் நிறைந்த இராசபாளையத்தையும் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் சத்திரப்பட்டியையும் அறிந்தோர்க்கு எளிதில் விளங்கும்.

சிறிய காந்த வளையங்களின் ஊடே மெல்லிய கம்பிகளை ஊசி கொண்டு கோத்து அதனை உருவாக்கினர். கம்பி வளையத்தின் உள்ளே சென்றால் 1. வளையத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே சென்றால் 0. இவ்வாறு நிரல் முழுவதும் கம்பிகளால் நெய்யப்பட்டது. அமெரிக்காவின் வால்தம் நகரத் தொழிற்சாலையில் பெண் தொழிலாளர்கள் இப்பணியை வாரக்கணக்கில் செய்து முடித்தனர். நெய்தபின் திருத்துதல் அரிது. எனவே, மார்கரெட் ஹாமில்டன் தலைமையில் நிரல் எழுதிய குழுவினரும் அதனை நெய்தவர்களும் பிழை நேராவண்ணம் பணியாற்ற வேண்டியிருந்தது.

விண்வெளி உடைக்கும் இது பொருந்தும். நிலவில் அணிந்த உடை 21 அடுக்குகள் கொண்டது. உடலை ஒட்டிய உள்ளாடையில் நுண்குழாய்கள் வழியே நீர் ஓடி வெப்பத்தைத் தணித்தது. முதுகில் சுமந்த பெட்டி ஆக்சிஜனை அளித்து, வெளிவிடும் கரியமில வாயுவை நீக்கியது. உள்ளாடைகள் தயாரித்துவந்த நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த தையற்பெண்டிர் இவ்வுடைகளைத் தைத்தனர். ஒரு தையல் பிசகினாலும் காற்று கசிந்து உயிர் போகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நிலவில் நடந்தோர் பன்னிருவர். அவர்களை உயிரோடு காத்தவை பெயர் அறியப்படாத பல்லாயிரவரின் விரல்கள்.

தெரிந்து தெளிவோம்

நிலவில் இறங்கிய ஆறு பயணங்கள்: அப்பல்லோ–11 (1969 சூலை), அப்பல்லோ–12 (1969 நவம்பர்), அப்பல்லோ–14 (1971 பிப்ரவரி), அப்பல்லோ–15 (1971 சூலை), அப்பல்லோ–16 (1972 ஏப்ரல்), அப்பல்லோ–17 (1972 திசம்பர்). இப்பயணங்கள் கொண்டுவந்த பாறையும் மண்ணும் மொத்தம் 382 கிலோகிராம்.

இறங்கிய 12 நிமிடங்கள்

1969 சூலை 20. நீல் ஆம்ஸ்ட்ராங்கும் பஸ் ஆல்ட்ரினும் 'ஈகிள்' என்னும் நிலாக்கலத்தில் இறங்கத் தொடங்கினர். ஏறத்தாழ 15 கிலோமீட்டர் உயரத்தில் இயந்திரம் இயங்கத் தொடங்கியதிலிருந்து தரையைத் தொடுவதற்கு 12 நிமிடங்களுக்குச் சற்று மிகுதியான நேரமே பிடித்தது. இடையில் கணினி, 1202 என்னும் எச்சரிக்கை எண்ணைக் காட்டியது. அளவுக்கு மிஞ்சிய வேலை தன்மேல் சுமத்தப்படுகிறது என்பது அதன் பொருள். பயணத்தைக் கைவிடுவதா, தொடர்வதா என்பதைச் சில நொடிகளில் முடிவு செய்தாக வேண்டும்.

அம்முடிவு ஹூஸ்டன் கட்டுப்பாட்டு நிலையத்தில் இருந்த 26 வயது இளைஞர் ஸ்டீவ் பேல்ஸ் கையில் இருந்தது. சில நாள்களுக்கு முன் நடந்த பயிற்சியில் இத்தகைய எச்சரிக்கை ஒன்றைக் கண்டு, தேவையின்றிப் பயணத்தைக் கைவிடுமாறு அவர் கூறியிருந்தார். அப்பிழைக்குப் பின், எழக்கூடிய எச்சரிக்கைகள் அனைத்தையும் அவருடைய உதவியாளர் ஜாக் கார்மன் கைப்படப் பட்டியலிட்டு வைத்திருந்தார். அப்பட்டியலின் துணையோடு, தொடரலாம் என்று உடனே விடை கூறப்பட்டது. முதன்மையான பணிகளை விடாது செய்து, ஏனையவற்றை ஒதுக்குமாறு வடிவமைக்கப்பட்டிருந்த நிரலும் தன் கடமையைத் தவறாது செய்தது.

அடுத்த இடர் சாளரத்தின் வழியே தெரிந்தது. கலம் தானாகச் சென்று இறங்கவிருந்த இடத்தில் பெரும்பாறைகள் சிதறிக் கிடந்தன. கணினிக்குப் பாறைகளைக் காணும் திறன் இல்லை. ஆம்ஸ்ட்ராங் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்து, பாறைவெளியைக் கடந்து சமதளத்தில் கலத்தை இறக்கினார். அப்போது ஒரு நிமிடம்கூட நீடிக்காத அளவே எரிபொருள் எஞ்சியிருந்தது. கணினியின் வேகமும் மனிதக் கண்ணின் தெரிவும் ஒன்றையொன்று நிறைவு செய்ததற்கு இது தக்க சான்றாகும்.

மேலே காத்திருந்தவர்

இருவர் இறங்கியபோது, மூன்றாமவர் கட்டளைக்கலத்தில் தனியே நிலவைச் சுற்றினார். அப்பல்லோ–11இல் அப்பொறுப்பு மைக்கேல் காலின்ஸ் உடையது. ஒவ்வொரு சுற்றிலும் நிலவின் மறுபக்கத்தை அடையும்போது, ஏறத்தாழ 48 நிமிடங்கள் பூமியோடும் தோழரோடும் எவ்விதத் தொடர்பும் இராது. மேலேறி வரும் கலத்தால் குறித்த சுற்றுப்பாதையை எட்ட இயலாவிடில், தாமே இறங்கிச் சென்று அதனோடு இணைவதற்கான வழிகளை அவர் குறித்து வைத்திருந்தார். அதுவும் இயலாவிடில், தனியே பூமி திரும்ப வேண்டியிருக்கும் என்பதையும் அறிந்திருந்தார்.

பிற்காலப் பயணங்களில் மேலிருந்தவரின் பணி விரிந்தது. அப்பல்லோ–15இன் கட்டளைக்கல ஓட்டுநர் ஆல்ஃபிரட் வோர்டன், நிலவின் பரப்பை நுண்படங்களாகப் பதிவு செய்தார். அப்படச்சுருள்கள் பணிக்கலத்தின் புறப்பகுதியில் இருந்தமையால், பூமிக்குத் திரும்பும் வழியில் அவர் கலத்தைவிட்டு வெளியேறி அவற்றை எடுத்து வந்தார். மேலிருந்து கண்டவையே தரையில் இறங்கியோரின் பாதைகளைப் பொருளுடையனவாக்கின.

நிலவில் ஒரு வேலைநாள்

முதற்பயணத்தில் வெளியே செலவிட்ட நேரம் இரண்டரை மணி மட்டுமே. அந்நேரத்திற்குள் நில அதிர்வுமானியை நிறுவினர், பூமியிலிருந்து வரும் லேசர் ஒளியைத் திருப்பியனுப்பும் எதிரொளிப்பானை வைத்தனர், 21.5 கிலோகிராம் பாறையும் மண்ணும் திரட்டினர். அவ்வெதிரொளிப்பான் இன்றும் பயன்படுகிறது. நிலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகிச் செல்கிறது என்பதை இத்தகைய எதிரொளிப்பான்களின் துணையால் துல்லியமாக அளக்கின்றனர்.

நிலவின் ஈர்ப்பு பூமியினதில் ஆறில் ஒரு பங்கே ஆதலால், அங்குப் பணி எளிது என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. காற்றழுத்தம் நிரம்பிய கையுறை, ஊதிய பலூனைப் போல் விறைத்து நிற்கும். ஒரு கைப்பிடியைப் பற்றுவதற்கும் விரல்கள் அவ்விறைப்போடு பொருத வேண்டும். நிலவுத் தரையில் துளையிட்ட வீரரின் நகக்கண்கள் கன்றி வலித்தன. குனிய இயலாமையால் நீண்ட பிடியுடைய இடுக்கியாலும் அகப்பையாலும் கற்களை எடுத்தனர். காற்றாலும் நீராலும் தேயாத நிலவுத்தூசி, கண்ணாடித் துகள்போல் கூர்மையானது. அது உடையில் ஒட்டியது, மூட்டுகளை அரித்தது, கலத்தினுள் புகுந்து மூக்கையும் கண்ணையும் உறுத்தியது.

அப்பல்லோ–17 பயணத்தில், நிலவில் ஓட்டிச் சென்ற ஊர்தியின் மட்கார்டு உடைந்தது. சக்கரம் வாரியெறிந்த தூசி வீரர் மேல் மழையெனப் பொழிந்தது. யூஜின் செர்னனும் ஹாரிசன் ஷ்மிட்டும் நான்கு நிலப்படத் தாள்களை ஒட்டுநாடாவால் இணைத்து, அதனை மட்கார்டாகப் பொருத்திப் பணியைத் தொடர்ந்தனர். பட்டறையில் கிடைப்பதைக் கொண்டு பழுது நீக்கும் நம் ஊர்க் கைவினைஞர் எவரும் இச்செயலைத் தம்முடையதாகவே உணர்வர்.

ஒரு வெண்கல்லின் வரலாறு

அப்பல்லோ–11 கொண்டுவந்த மண்ணில் வெண்ணிறச் சிறுதுகள்கள் சில காணப்பட்டன. அவை அனார்த்தோசைட் என்னும் பாறையின் துகள்கள். அதனைக் கண்ட அறிஞர் 1970ஆம் ஆண்டில் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். நிலவு தோன்றிய காலத்தில் அதன் மேற்பரப்பு முழுவதும் உருகிய பாறைக்குழம்புக் கடலாக இருந்தது. அது குளிர்ந்தபோது கனமான கனிமங்கள் அடியில் படிந்தன. கனம் குறைந்த வெண்கனிமமான பிளாஜியோகிளேஸ் மேலே மிதந்து நிலவின் மேலோடாயிற்று என்பதே அக்கருதுகோள். இது மெய்யெனில், நிலவின் முதல் மேலோட்டின் பெருந்துண்டு ஒன்று எங்கேனும் கிடைக்க வேண்டும்.

அப்பல்லோ–15இன் வீரர்களான டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் விமானமோட்டிகள், நிலவியல் அறிஞரல்லர். லீ சில்வர் என்னும் நிலவியல் பேராசிரியர் அவர்களைக் கலிஃபோர்னியா மலைகளுக்குப் பலமுறை அழைத்துச் சென்று, பாறைகளைப் பார்க்கவும் பார்த்ததைச் சொல்லவும் பயிற்றினார். பாறையைக் காண இயலாத இடத்தில் இருந்து கேட்போர், வீரரின் சொற்களை மட்டும் கொண்டு அவ்விடத்தை மனக்கண்ணில் காண வேண்டும். அவ்வளவு தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பதே பயிற்சியின் நோக்கம். அது நிலவியல் பயிற்சி மட்டுமன்று, மொழிப் பயிற்சியுமாகும்.

1971 ஆகஸ்டு 1 அன்று, ஸ்பர் என்னும் பள்ளத்தின் விளிம்பில், தூசி படிந்த ஒரு கல்லின்மேல் வெண்கல் ஒன்று அமர்ந்திருப்பதை அவ்விருவரும் கண்டனர். அதனை எடுத்துத் திருப்பியபோது படிகங்கள் பளிச்சிட்டன. தேடிவந்த பொருள் அதுவே என்பதை அக்கணமே உணர்ந்தனர். 269 கிராம் எடையுள்ள அக்கல், 400 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. 'தோற்றக் கல்' என்று பொருள்படும் பெயரால் அது பின்னர் அழைக்கப்பட்டது. எண்ணற்ற கற்களிடையே அதனைத் தெரிந்தெடுத்தது, பயின்ற கண்ணும் பயின்ற சொல்லுமே.

உயிரின் விலை

இவ்வெற்றிகள் இழப்பின்றி வந்தவை அல்ல. 1967 சனவரி 27 அன்று, ஏவுதளத்தில் நடந்த ஒத்திகையின்போது அப்பல்லோ–1 கலத்தினுள் தீப்பற்றி, கஸ் கிரிஸம், எட் வைட், ரோஜர் சாஃபி ஆகிய மூவரும் மாண்டனர். கலத்தில் தூய ஆக்சிஜன் நிரப்பப்பட்டிருந்ததும், உள்நோக்கித் திறக்கும் கதவை அழுத்தத்தால் திறக்க இயலாமற்போனதும் சாவுக்குக் காரணங்களாயின. அதன்பின் கலம் பெரிதும் மாற்றி வடிவமைக்கப்பட்டது.

1970 ஏப்ரலில் அப்பல்லோ–13 நிலவை நெருங்கும் வழியில், பணிக்கலத்தின் ஆக்சிஜன் கலன் வெடித்தது. ஜேம்ஸ் லவெல், ஜாக் ஸ்விகர்ட், ஃப்ரெட் ஹைஸ் ஆகியோர் நிலாக்கலத்தில் அடைக்கலம் புகுந்தனர். இருவர்க்கு இரண்டு நாள் பயன்படுமாறு அமைந்த அக்கலம், மூவர்க்கு ஏறத்தாழ நான்கு நாள் உயிர்ப்புகலாயிற்று. பெருகிவந்த கரியமில வாயுவை நீக்கக் கட்டளைக்கலத்தின் சதுரவடிவ வடிகட்டிகளைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. நிலாக்கலத்தின் பொருத்துவாயோ வட்டவடிவினது. நெகிழிப்பை, அட்டை, குழாய், ஒட்டுநாடா ஆகியவற்றைக் கொண்டு இரண்டையும் இணைக்கும் முறையைப் பூமியிலிருந்த பொறியாளர் செய்து பார்த்து, வானொலி வழியே படிப்படியாகச் சொன்னார்கள். ஏப்ரல் 17 அன்று மூவரும் உயிரோடு திரும்பினர்.

சித்தம்பூண்டியும் சிவசக்தியும்

நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை என்னும் ஊர்கள் உள்ளன. அங்குள்ள வெண்பாறை அனார்த்தோசைட் வகையைச் சார்ந்தது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டு பழைமை உடையது. நிலவின் மேட்டுநிலப் பாறையோடு வேதியியல் அமைப்பில் மிகவும் ஒத்திருப்பதால், உலக நிலவியல் அறிஞரிடையே சித்தம்பூண்டி நன்கு அறியப்பட்ட பெயராகும்.

சந்திரயான் திட்டத்தின் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவு மண்ணைப் போன்ற மண் பெருமளவில் தேவைப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வாங்குவது பெருஞ்செலவு பிடிக்கும். சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையின் துணையோடு, இப்பகுதிப் பாறை பொடியாக்கப்பட்டு, ஏறத்தாழ 50 டன் பெங்களூருவுக்கு அனுப்பப்பட்டது. நிலவுக்குச் செல்வதற்கு முன்பே, சந்திரயானின் ஊர்தி தமிழக மண்ணில் ஓடிப் பழகியது. இத்தகைய மண்ணை உருவாக்கும் முறைக்கு 2020இல் இஸ்ரோ காப்புரிமையும் பெற்றது.

2019 செப்டம்பரில் சந்திரயான்–2இன் தரையிறங்கு கலம் இறங்கும் வேளையில் நிலவில் மோதிச் சிதைந்தது. அதன் பாடங்களைக் கற்று, விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து வழிநடத்திய சந்திரயான்–3, 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவின் தென்முனைப் பகுதியில் மெல்லிறங்கியது. இறங்கிய இடத்திற்குச் சிவசக்தி முனை எனப் பெயரிடப்பட்டது. 26 கிலோகிராம் எடையுள்ள பிரக்யான் ஊர்தி, ஏறத்தாழ 103 மீட்டர் நகர்ந்து 23 இடங்களில் மண்ணை ஆராய்ந்தது. அம்மண், இரும்பு கலந்த அனார்த்தோசைட் பாறையின் இயல்போடு பொருந்துகிறது என்பதை 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. நிலவு முழுவதும் ஒரு காலத்தில் பாறைக்குழம்புக் கடலாக இருந்தது என்னும் கருதுகோளுக்கு இஃது ஓர் அரிய வலுவாயிற்று. 1971இல் ஸ்பர் பள்ளத்தில் கிடைத்த கல் சொன்னதையே, தொலைவிலுள்ள தென்முனை மண்ணும் வழிமொழிந்தது.

தெரிந்து தெளிவோம்

சந்திரயான்–1இன் நிலவு மோது கருவி 2008 நவம்பர் 14 அன்று நிலவின் தென்முனைப் பகுதியில் மோதியது. நிலவின் பரப்பில் நீரின் கூறுகள் இருப்பதை அக்கலம் சுமந்த கருவிகள் கண்டறிந்தன. அதன் திட்ட இயக்குநர், கோவை மாவட்டம் கோதவாடியைச் சேர்ந்த மயில்சாமி அண்ணாதுரை. சந்திரயான்–2இன் திட்ட இயக்குநர், சென்னையைச் சேர்ந்த மு. வனிதா.

மனிதரா, கருவியா?

இங்கு ஒரு வினா எழுதல் இயல்பு. பிரக்யான் ஊர்தி உயிரிழப்பின் அச்சமின்றி இவ்வளவையும் செய்ததெனில், மனிதரை ஏன் அனுப்ப வேண்டும்? கருவியின் பக்கம் வலுவான நியாயம் உண்டு. அதற்கு உணவு வேண்டா, காற்று வேண்டா, திரும்பிவர வேண்டிய கட்டாயமும் இல்லை. செலவும் பன்மடங்கு குறைவு.

மனிதரின் பக்கமும் சான்றுகள் உள்ளன. 1970களில் சோவியத் நாட்டின் மூன்று லூனா கருவிக்கலங்கள் கொண்டுவந்த மண் மொத்தம் அரைக் கிலோகிராமுக்கும் குறைவு. சீனாவின் சாங்இ–5 கலம் 2020இல் 1,731 கிராம் கொண்டுவந்தது. அப்பல்லோ வீரர் கொண்டுவந்ததோ 382 கிலோகிராம். அளவைவிடத் தெரிவே முதன்மையானது. வெண்கல்லைக் கண்டு நின்றதும், எதிர்பாராத இடத்தில் செம்மஞ்சள் மண்ணைக் கண்ட ஷ்மிட் அங்கேயே பள்ளம் தோண்டி ஆராய்ந்ததும் அவ்விடத்தில் அக்கணத்தில் எடுத்த முடிவுகள். அம்மண் எரிமலை உமிழ்ந்த கண்ணாடி மணிகள் என்று பின்னர் தெரியவந்தது. பல்லாண்டுகளுக்குப் பின், நுண்ணிய கருவிகள் வளர்ந்தபோது, நிலவின் எரிமலைக் கண்ணாடி மணிகளுக்குள் நீரின் தடயங்கள் கண்டறியப்பட்டன. மனிதர் தெரிந்தெடுத்து வந்ததைக் கருவி ஆராய்ந்தது.

ஆகவே, எது சிறந்தது என்று வினவுவதைவிட, எப்பணிக்கு எது தக்கது என்று வினவுவதே ஏற்புடையது. முன்சென்று வழி காண்பதும், ஆபத்தான இடத்தை அளப்பதும் கருவிக்கு உரியன. கண்டதன் பொருளை உணர்ந்து, திட்டமிடாத ஒன்றை உடனே செய்வது மனிதர்க்கு உரியது. ஆயினும், ஓர் உயிரை அனுப்புவதற்கு முன், திரும்ப அழைத்துவரும் வழியை உறுதி செய்தாக வேண்டும் என்பது அப்பல்லோ–1 விட்டுச்சென்ற பாடம்.

அடுத்த அடி

இந்தியா அப்பாடத்தைப் பின்பற்றியே நடக்கிறது. 2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் திட்டத்தில் நடந்த முதற்பெருஞ்சோதனைப் பறத்தல், வீரரை மேலே அனுப்புவதற்கன்று. ஏவூர்தியில் இடர் நேர்ந்தால் வீரர் அமரும் கலத்தைப் பிரித்துக் காப்பாற்றும் அமைப்பைச் சோதிப்பதற்கே நடத்தப்பட்டது. ககன்யானுக்குத் தெரிவான நால்வர் 2024 பிப்ரவரி 27 அன்று அறிவிக்கப்பட்டனர்: பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. அஜித் கிருஷ்ணன் சென்னையிற் பிறந்தவர். சுபான்ஷு சுக்லா 2025 சூன் மாதம் பன்னாட்டு விண்வெளி நிலையம் சென்று ஆய்வுகள் நிகழ்த்தி, சூலை 15 அன்று திரும்பினார். 2035இல் இந்திய விண்வெளி நிலையம், 2040இல் நிலவில் இந்தியர் என்பவை நாட்டின் இலக்குகள்.

2040இல், இன்று பதினொன்றாம் வகுப்பில் பயில்வோர் முப்பது வயதைக் கடந்த அளவில் இருப்பர். ஹூஸ்டனில் முடிவெடுத்த இளைஞரைவிட அவர்களுக்கு வயது சற்றுக் கூடுதலாக இருக்கும். அவர்களுள் நிலவில் நடப்போர் ஓரிருவராக இருக்கலாம். ஆனால் இயந்திரத்தைச் சோதிப்போர், நிரலை எழுதுவோர், உடையைத் தைப்போர், பாறையை ஆராய்வோர், கண்டதைப் பிழையின்றிச் சொல்வோர் என ஆயிரக்கணக்கானோர் தேவைப்படுவர். நிலவுப் பயணம் என்பது அவர்கள் அனைவரும் தத்தம் பணியைக் குறையின்றிச் செய்வதன் மறுபெயர்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் கிடைக்கும் கல் ஒன்றை எடுத்து, அதனைக் காணாத நண்பர் மனக்கண்ணில் காணுமாறு பத்துத் தொடர்களில் வருணித்து எழுதுக. நண்பர் பல கற்களிடையே அக்கல்லைக் கண்டறிகிறாரா எனச் சோதிக்க.

2. நிலவுப் பயணத்திற்கு ஏற்றவர் மனிதரா, கருவியா என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. இப்பாடத்தில் இடம்பெற்றுள்ள விண்மீன்களின் தமிழ்ப் பெயர்களை வானில் அடையாளம் காண முயல்க. உங்கள் பகுதி உழவர் அவற்றைக் கொண்டு கணித்த வேளாண் பணிகளைக் கேட்டறிந்து தொகுக்க.

4. உங்கள் பகுதியில் நடைபெறும் தொழில் ஒன்றின் நுட்பம், விண்வெளித் துறையில் எவ்வாறு பயன்படக்கூடும் என்பதைக் கட்டுரையாக எழுதுக.